முன்பாரம்

வாய்க்கால் கரையில் ஏறும்போதுதான் அது நடந்தது. மண்ணைக் கிளறிப் புரட்டும் ரோட்டவேட்டரை, புதிதாக வாங்கிய பெரியதை, பின்னால் மாட்டிக்கொண்டு கயல்விழி டிராக்டரை மேட்டில் ஏற்றினாள். பாதி ஏற்றத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் மண்ணை விட்டு எழும்பின. ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றியது. எதிரே வானம்தான் தெரிந்தது. கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தாள். வண்டியின் மூக்கு பொத்தென்று கீழே விழுந்தது. வண்டியை மெல்லப் பின்னால் இறக்கி நிறுத்திவிட்டு, வரப்பில் போய் உட்கார்ந்தாள்.

புவனகிரிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு நான்கு ஏக்கர். கணவன் எழிலனுக்குச் செம்மங்குப்பத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை என்பதால், டிராக்டர் அவள் பொறுப்பு. ஊரில் பாதி நிலத்துக்கு அவள்தான் உழவு ஓட்டினாள்.

நடந்ததைக் கேட்ட எழிலனுக்கு முகம் வெளிறிவிட்டது. "அந்தப் பெருசே வேணாம் கயலு. பழசயே மாட்டிக்க."

"பழசுல கத்தியெல்லாம் தேஞ்சிப் போச்சி மாமா. முன்னாடி வெயிட்டு மாட்டுனா சரியாப்பூடும்."

மஞ்சக்குப்பத்து டிராக்டர் கடையில் விசாரித்தார்கள். அவர்கள் டிராக்டர் பழைய மாடல், அதற்கு வெயிட் வர ஒரு மாதம் ஆகுமாம். அதற்குள் சம்பா விதைப்பே முடிந்துவிடும்.

"அப்ப நாமளே செஞ்சிக்கலாம்" என்றாள் கயல்விழி.

வெல்டிங் பட்டறை சார்லஸ் வந்து, வண்டியின் முன்சட்டத்தில் கனத்த இரும்புத் தாங்கி ஒன்றை போல்ட் போட்டு முடுக்கினான். வாசலில் செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகைப் பெட்டி அடித்தார்கள். உள்ளே கம்பிக்கூடு. தாங்கியோடு சேர்த்து இரும்பு முளை செருக, ஓட்டை போட்ட இரண்டு இரும்புக் காதுகள். சிமெண்டும் ஜல்லியும் கலந்து ஊற்றும்போது, பழைய ரோட்டவேட்டரின் தேய்ந்த கத்திகளையும் கயல்விழி அள்ளிப் போட்டாள். இரும்பு சேர்ந்தால் சின்ன அளவிலேயே கனம் கூடும். பத்து நாள் ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் ஊற்றினாள். பலகையைப் பிரித்தபோது இருநூறு கிலோவுக்குக் குறையாத கட்டி ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அதை யார் தூக்குவது என்று அதுவரை ஒருவரும் யோசிக்கவில்லை.

பக்கத்து வயல் கொளஞ்சியப்பன் மூன்று ஆட்களோடு வந்து மூங்கில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். மூங்கில்தான் பிளந்தது.

"ஏம்மா, இது இங்கயே கெடக்கட்டும். துணி தொவைக்க ஆவும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கயல்விழிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஜேசிபி கூப்புடலாமாக்கா?" என்றான் சார்லஸ்.

அவள் குனிந்து பார்த்தாள். கட்டியின் காதை விட வண்டியின் தாங்கி ஒரு சாண்தான் உயரம்.

"வெயிட்ட எதுக்குத் தூக்கணும்? வண்டிய எறக்கிட்டாப் போச்சி."

மண்வெட்டியை எடுத்தாள். கட்டிக்கு முன்னால், முன்சக்கரங்கள் வந்து நிற்கும் இடத்தில், சரிவாக இரண்டு பள்ளம். ஏறி உட்கார்ந்து வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். சக்கரங்கள் பள்ளத்தில் இறங்க இறங்கத் தாங்கியும் தாழ்ந்தது.

"இன்னும் ரெண்டு வெரல்... நிறுத்துக்கா!" என்று கத்தினான் தரையில் படுத்திருந்த சார்லஸ். இரண்டு முளையையும் சுத்தியலால் அடித்துச் செருகினான்.

ரிவர்ஸ் கியர். பின்சக்கரம் மண்ணைக் கவ்வியது. முன்சக்கரங்கள் பள்ளத்திலிருந்து ஏற, கட்டியும் கூடவே செங்கல்லை விட்டு எழும்பியது. கொளஞ்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் எழிலன் லீவு போட்டான். அவள் கரையில் ஏற, அவன் தள்ளி நின்று முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி மேட்டில் ஏறி அந்தப்பக்கம் இறங்கியது. சக்கரம் தரையை விடவேயில்லை.

"ஸ்டியரிங் கொஞ்சம் கனம்தான் மாமா. ஆனா சொன்ன பேச்சக் கேக்குது" என்று மேலிருந்து கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே கையாட்டினான்.

கொளஞ்சியப்பன் தன் வயலிலிருந்து வரப்பேறி வந்து கட்டியைச் சாணால் அளந்து பார்த்தார்.

"எம் வண்டிக்கும் ஒண்ணு ஊத்தணும்மா. என்னா ஏதுன்னு சொல்லு."

"பலகை எங்கிட்ட இருக்கு சித்தப்பா. ஞாயித்துக்கெழம சிமிட்டியோட வாங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கயல்விழி ரோட்டவேட்டரைத் தாழ்த்தினாள். ஈரமண் பொலபொலவென்று புரண்டது. கொக்குகள் பின்னாலேயே வந்தன.