குழி வெட்டப் போனவர்

வேம்புவின் தலையிலிருந்த பூவைக் காத்தாயிதான் எடுத்தாள். பின்னலில் சிக்கியிருந்த கனகாம்பரத்தை வெடுக்கென்று இழுத்தபோது இரண்டு முடியும் கூடவே வந்தது. நெற்றிப் பொட்டைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு சுவரில் பதித்திருந்த கண்ணாடித் துண்டில் குனிந்து, தன் குங்குமம் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

செத்துப்போனது காத்தாயியின் புருஷன் சாமிதுரை. வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். வேம்புவின் புருஷன் தர்மன், சாமிதுரைக்குத் தம்பி, குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்தான். நாலு வீடு தள்ளி ஒரு மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்குப் பின்னால் அவனை உட்கார வைத்திருந்தார்கள்.

"திருச்சிப் பட்டறை ஆளுங்க அரியலூர்ல மாலை வாங்க நிக்கிறாங்களாம். நம்ம தெரு அமாவாசப் பய பஸ்ல வரச்ச பாத்துட்டு வந்து சொல்றான்," என்றாள் காத்தாயி. "வேனுல வராங்க. போயித் தலமாட்டுல ஒக்காரு."

"அக்கா, என்னால ஆவாது. அது ஒங்க எடம்."

"என் எடந்தான். இல்லேன்னா சொன்னேன்?" காத்தாயியின் குரல் ஒரு கணம் உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. "விஷயம் வெளிய தெரிஞ்சா போலீசு வரும். அவர அறுத்துப் பாப்பாங்க. ஒன் புருசன உள்ள வெப்பாங்க. அந்த மனுசன் முழுசா மண்ணுக்குள்ள போவணும் வேம்பு. அதுக்கு மேல எனக்கு எதுவும் வேணாம். போ."

எல்லாம் ஓர் அட்டையில் ஆரம்பித்தது. தர்மனுக்குத் திருச்சியில் ஒரு தனியார் பட்டறையில் லேத்துக் கடைசல் வேலை. அங்கே சம்பளத்தில் பிடித்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கார்டு கொடுத்திருந்தார்கள். வேண்டுமா வேண்டாமா என்று ஒருவரையும் கேட்கவில்லை. சாமிதுரைக்கு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரி. அந்தக் கார்டு குவாரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் முதலாளிமாருக்குத்தான் உழைத்தார்கள். ஆனால் திருச்சியில் வரும் இருமலுக்கு ஒரு மரியாதை, அரியலூரில் வரும் இருமலுக்கு ஒரு மரியாதை.

குவாரிக் கான்ட்ராக்டரும் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு சம்பள நாளில் ஆட்களைக் கூட்டி, "வாரா வாரம் கொஞ்சம் புடிச்சுக்கிட்டு ஒரு ஆஸ்பத்திரியில சொல்லி வெக்கட்டா, இல்ல கூலியோட கையிலயே குடுத்துடட்டா?" என்று கேட்டார். கையில் கொடுங்கள் என்று முதலில் எழுந்த குரல் சாமிதுரையுடையது. நல்ல உடம்பை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பது, வா வா என்று சீக்குக்குப் பாக்கு வைப்பது இல்லையா என்று அவன் கேட்டதும் குவாரியே சிரித்தது. வேடிக்கைக்குச் சொன்னதாகத் தோன்றினாலும் அத்தனை பேருக்கும் உள்ளூர அந்தப் பயம்தான். ஒருவன் பாக்கியில்லாமல் கையில் வாங்கிக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் சாமிதுரை எச்சிலோடு இரத்தம் துப்பினான். முகமும் காலும் ஊதிக்கொண்டன. கார்டில் பொண்டாட்டி பிள்ளைக்கு இடமுண்டு, அப்பா அம்மாவுக்கு இடமுண்டு, அண்ணனுக்குக் கிடையாது. தர்மன்தான் அந்த யோசனையைச் சொன்னான்: "எங்க ரெண்டு பேரு மூஞ்சியும் ஒண்ணுதானே. என் பேருல அண்ணன் படுக்கட்டும். நான் ஊர்ல கெடக்குறேன். சீக்குன்னுதானே பட்டறையில நெனைப்பாங்க." அதில் ஒரு ஓட்டை இருப்பதாக அன்றைக்கு யாருக்கும் படவில்லை. போனவன் திரும்பி வந்துவிடுவான் என்றே எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள்.

கார்டில் தர்மனின் சம்சாரம் வேம்பு. ஆகவே வார்டில் சாமிதுரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளும் வேம்புதான். மாமா என்று கூப்பிட்ட மனுஷனுக்குப் பொண்டாட்டியாக இருந்து கஞ்சி புகட்டினாள், கோழைச் சட்டியைக் கழுவினாள். காத்தாயி பார்வை நேரத்தில் விருந்தாளி மாதிரி வந்து, கட்டிலைத் தொடாமல் நின்றுவிட்டுப் போவாள். கடைசி நாள் அவன் கண்ணை மூடிக்கொண்டே, "காத்தாயி... காத்தாயிய எங்க?" என்று கேட்டான்.

"யாரும்மா காத்தாயி?" என்றாள் நர்ஸ்.

"அவங்க அண்ணிங்க," என்றாள் வேம்பு.

நர்ஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டாள். அந்தப் பார்வையை நினைத்தால் வேம்புக்கு இப்போதும் உடம்பு கூசியது.

உயிர் போன பிறகு ஒரு குமாஸ்தா வந்து, "ஒங்க வூட்டுக்காரரு பேரு?" என்றான். புருஷன் பேரைச் சொல்லும் பழக்கம் அவள் பிறந்த வேப்பந்தட்டைப் பக்கமும் இல்லை, வாழ்க்கைப்பட்ட ஊரிலும் இல்லை. அவனே சலித்துக்கொண்டு, "தர்மன்தானே?" என்றான். வேம்பு தலையை ஆட்டினாள். அதோடு அவள் புருஷன் செத்துப்போனான். உடம்பை ஊருக்குக் கொண்டு வந்துவிட்டால் போதும், மற்றதை மெல்லப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் ஆட்டினாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பட்டறைக்குப் போன் போடுவார்கள் என்பதோ, கூட வேலை செய்கிறவர்கள் மாலையோடு வருகிறோம் எடுக்காமல் வையுங்கள் என்று தந்தி அடிப்பார்கள் என்பதோ அவளுக்கு எப்படித் தெரியும்?

வேம்பு போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சாமிதுரையின் தாடியை மழித்து, மீசையைத் தர்மன் வைத்திருப்பது போலக் கத்தரித்திருந்தார்கள். தாடையைக் கட்டியிருந்த துணி கன்னத்தைப் பாதி மறைத்தது. வீங்கிப்போன முகத்தில் அவள் புருஷனின் மூக்கும் நெற்றியும் அப்படியே இருந்தன. பார்க்காமல் இருக்க முயன்றாள். கண் அங்கேதான் போனது.

தெருப் பெண்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். அழுது பழகிய வாய்கள் பேரில் இடறின. ஒருத்தி "ஏ சாமிதொர..." என்று இழுக்க, பக்கத்திலிருந்தவள் தொடையில் கிள்ளினாள். மேளக்காரர்கள் அடிக்கலாமா என்று ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேம்புவின் மகள் கண்ணகியை, அது வாய் திறந்து அப்பா எங்கே என்று கேட்டுவிடும் என்று கடைசி வீட்டில் தூங்கப் போட்டிருந்தார்கள்.

வேன் வந்து நின்றது. இறங்கியவர்களில் முன்னால் வந்தவர் பூமாலை, பட்டறை ஃபோர்மேன். ஆறடி உயரம். வரும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். தர்மனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று வேம்புக்குத் தெரியும். பொய்யை இந்த மனுஷனிடமா சொல்ல வேண்டும் என்று அவளுக்கு அழுகை முட்டியது. அது பார்க்கிறவர்களுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

"அழு தங்கச்சி, நல்லா அழுதுரு," என்றார் ஒருவர்.

அவளும் வாயைத் திறந்தாள். என் ராசா என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். சொன்னால் பலித்துவிடுமோ என்ற பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலையில் அடித்துக்கொண்டாளே தவிர ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கும் சேர்த்துக் காத்தாயி அழுதாள். "என் கொழுந்தனே, என்னை விட்டுப் போனியே கொழுந்தனே!" என்று அவள் அழுத அழுகையில் பட்டறை ஆட்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். கொழுந்தனுக்காக இப்படி அழுகிற அண்ணியை அவர்கள் கண்டதில்லை.

பூமாலை மாலையைப் போட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆளு அடையாளமே தெரியலியே. எப்புடி இருந்த பய," என்றார். பிறகு குனிந்து கோடித் துணியை விலக்கினார். "எத்தன சாமான் கடைஞ்ச கை. ஒரு தடவ தொட்டுக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. கட்டை விரல்கள் சேர்த்துக் கட்டியிருந்த அந்தக் கைகளை அவர் தன் உள்ளங்கையில் ஏந்தினார். கடைசல்காரன் கையில் எண்ணெய்க் கறை ரேகைக்குள் கறுப்பாக இறங்கியிருக்கும், கழுவினாலும் போகாது. இந்தக் கையில் வெடிப்புக்கு வெடிப்பு வெள்ளைச் சுண்ணாம்பு நின்றது. சுத்தியல் பிடித்துப் பிடித்து விரல் மடிப்பெல்லாம் காய்த்திருந்தது. பூமாலையின் அழுகை பட்டென்று நின்றது.

அவர் நிமிர்ந்து வேம்புவைப் பார்த்தார். பிறகு காத்தாயியைப் பார்த்தார். அவள் கழுத்தை, நெற்றியை, அழுது வீங்கிய முகத்தை.

பின்னாலிருந்த ஒருவர் விவரம் தெரியாமல் கேட்டார்: "தர்மனுக்கு அண்ணன் ஒருத்தர் உண்டே? குவாரியில வேலை பாக்குறவரு. அவரு எங்க? கண்டுக்கிட்டுப் போறோம்."

வேம்பு தரையைப் பார்த்தாள்.

"குழி வெட்டப் போயிருக்காருங்க," என்றாள் காத்தாயி.

பூமாலை கையைப் பதனமாகப் பழையபடி வைத்துத் துணியை இழுத்து மூடினார். "அடக்கம் முடிஞ்சு போலாம் அண்ணே," என்றவர்களை அவர் விடவில்லை. "பொழுது போயிரும். ஏறுங்கடா," என்று அதட்டினார். எல்லோரும் வேனில் ஏறிய பிறகு வேம்புவிடம் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, நான் பாத்தது என்னோட. யார்ட்டயும் போவாது. ஆனா ஆபீசுல தர்மன் பேர அடிச்சிருவாங்க. அடிச்ச பேர நான் திருப்பி எழுத முடியாது. அவன் திருச்சிப் பக்கமே தல காட்ட வேணாம்னு சொல்லு. என்னைக்கும்."

வேன் போன புழுதி அடங்குவதற்கு முன்னால் காத்தாயி சாமிதுரையின் மேல் விழுந்தாள். இப்போது கொழுந்தன் இல்லை. "என்ன பாக்காம போனியே, நான் வந்து நின்னேனே, தொட விடலியே" என்று மார்பில் முகத்தைத் தேய்த்தாள். தனக்கு ஒரு நாழிகை கடன் கிடைத்த இடத்திலிருந்து வேம்பு எழுந்து ஒதுங்கினாள். இந்த அழுகையை அக்கா ஆஸ்பத்திரியிலேயே அழுதிருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

தர்மன் தலையில் வைக்கோலோடு ஓடி வந்தான். குடம் உடைத்து, முன்னால் நடந்தான். சந்து திரும்பும்வரை வேம்பு அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் காகிதப்படி அங்கே எடுத்துப் போகிறவனும் அவன்தான், எடுத்துக்கொண்டு போகப்படுகிறவனும் அவன்தான்.

அடக்கம் முடிந்து குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தபோது குவாரி மேஸ்திரி நடராசன் வந்தார். பக்கத்து ஊர்க்காரர். எல்லாம் தெரிந்தவர். கூடத்தில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் பேசினார்.

"இனிமே என்னா பண்ணப் போற தர்மா?"

"தெரியலீங்க. நாந்தான் செத்துட்டனே," என்றான் தர்மன். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"அங்கதான் செத்த. குவாரியில யாரும் சாவல. சாமிதொர பேரு அப்புடியேதான் இருக்கு. சீக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். சுண்ணாம்பு மூஞ்சியில படிஞ்சா அண்ணன் எவன் தம்பி எவன்? நீ வந்து நில்லு, நான் பாத்துக்கிறேன்." கதவோரம் நின்ற காத்தாயியை ஒரு தரம் பார்த்தார். "காத்தாயி கழுத்துல இருக்கறது அப்புடியே இருக்கட்டும். நெத்தியும்தான். ஊரு வாய மூடிரலாம், வெளியூரு வாய மூட முடியாது."

காத்தாயி தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

வேம்பு தர்மன் பக்கம் திரும்பினாள். அந்தக் குவாரிக்கா? அண்ணனைத் தின்ற அதே பள்ளத்திலா இறங்கப் போகிறான்? வேண்டாம் என்ற சொல் அவளுக்கு வாய்வரை வந்தது. வேறு எங்கே போவது என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று வயிறு, ஒரு பிள்ளை. பேரில்லாத ஆளை எவன் வேலைக்கு வைத்துக்கொள்வான்?

"இன்னொண்ணு," என்றார் நடராசன். "ஒங்கண்ணன் ரத்தம் கக்குனத பாத்து எல்லாப் பயலும் மெரண்டு போயிட்டான். இப்ப அவனுங்களே கான்ட்ராக்டர்ட்ட போயி, ஆஸ்பத்திரிக்குப் புடிச்சுக்கங்கன்னு சொல்லிட்டானுங்க. நீயும் சேந்துக்க. ஆபீசுல ஒரு ஆள் வந்து குடும்பத்த கேப்பான். முழிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது. இப்பவே ஒருக்கா சொல்லிப் பாரு. பேரு?"

"சாமிதொர."

"சம்சாரம்?"

தர்மன் தலை குனிந்தான். ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கியது. காத்தாயி சட்டென்று உள்ளே போய்விட்டாள். பானை மூடி ஒன்று உருண்டு விழும் சத்தம் கேட்டது.

"சொல்லேன்யா. சம்சாரம் யாரு?"

"காத்தாயின்னு சொல்லுங்க," என்றாள் வேம்பு.

தர்மன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "காத்தாயி," என்றான்.

"சரி. புள்ளைங்க?"

கண்ணகி அப்போதுதான் கடைசி வீட்டில் தூங்கி எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்துக் கூடத்துக்குள் நடந்து வந்துகொண்டிருந்தது. வேம்பு எட்டி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் பதில் சொல்வதற்குள் கொல்லைப் பக்கம் போனாள்.