மைக் அக்காவுக்கு ஏற்றிய ட்ரிப்ஸ்

மீன் சந்தையில் ஏலம் விடுகிற அவளை எல்லோரும் 'மைக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு பெரிய குரல்.

ரத்தப் புற்றுநோய்க்கு எடுத்த சிகிச்சை அவள் நோயை அடக்கிவிட்டது. கூடவே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் வழித்தெடுத்துக்கொண்டு போய்விட்டது. போன மழைக்காலத்தில் சாதாரணச் சளி நெஞ்சுக்குள் இறங்கி, நிமோனியாவாகி, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கணவரான தையல்காரர் வீட்டைக் கோட்டையாக்கிவிட்டார். தெருமுனையில் யாராவது தும்மினால் இங்கே ஜன்னல் சாத்தப்படும். துணி தைக்க வருகிறவர்களுக்கு வாசலிலேயே அளவெடுப்பு. சந்தைப் பக்கமே போகக்கூடாது என்று அவளுக்குத் தடை.

இந்த வருடம் மழைக்கு முன்பே டாக்டரம்மா ஒரு வழி சொன்னார்.

"கிருமியோட சண்டை போடுற சத்து உங்க ரத்தத்துல ரொம்பக் குறைஞ்சிருக்கு. மாசாமாசம் அதை ட்ரிப்ஸ்ல ஏத்துவோம். சளியே வராதுன்னு சொல்லமாட்டேன். வந்தாலும் நெஞ்சுக்குப் போகாம தடுக்கப் பாக்கலாம்."

"அது எங்கேருந்து கிடைக்குது டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

"தானம் குடுக்குறவங்க ரத்தத்துலேருந்து பிரிச்சு எடுக்குறது. ஒரு பாட்டில்ல ஆயிரக்கணக்கான பேரோட சத்து இருக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. "அத்தனை பேரா? அதுல சண்டைக்காரங்க யாராவது இருந்துட்டா?"

"சண்டை போடத்தாங்க ஏத்துறதே," என்றார் பக்கத்தில் நின்ற நர்ஸ்.

முதல் தடவை ஏற்றியபோது குளிர் எடுத்து உடம்பைத் தூக்கிப் போட்டது. சிலருக்கு இப்படி ஆகும் என்று சொல்லி, நர்ஸ் ட்ரிப்ஸின் வேகத்தைக் குறைத்துப் போர்வை போர்த்திவிட்டார்.

"இவ்வளவு கூட்டம் உள்ள நுழைஞ்சா தள்ளுமுள்ளு இருக்கத்தானே செய்யும்," என்றாள் அவள், பல் தந்தியடிக்க. கணவர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. அடுத்தடுத்த தடவைகளில் நடுக்கம் வரவில்லை.

மழை வந்தது. சளியும் வந்தது. கோட்டைக்குள் அதைக் கொண்டுவந்தவர் தையல்காரரேதான்.

"கிட்ட வராதே! சாப்பாட்டை வாசல்ல வெச்சுட்டுப் போ!" என்று தையல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருமினார். ஆனாலும் இரண்டு நாளில் அவளுக்கும் தொண்டை கட்டியது. அவ்வளவுதான், மனுஷன் தன் காய்ச்சலை மறந்து, மாஸ்க் மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு, அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. மூக்கோட நின்னுடுச்சு. வீட்டுக்குப் போகலாம்."

தையல்காரர் நிம்மதியாக மூச்சை இழுத்துவிட்டார். அந்த மூச்சு உள்ளே போன சத்தத்தில் டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"நீங்க இப்படி வாங்க. உங்களுக்குத்தான் நெஞ்சு கரகரங்குது. இங்கேயே படுத்து மருந்து ஆவி பிடிச்சுட்டுப் போங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், இவளைக் கவனிங்க..."

"பேசாம படுங்க," என்றாள் மனைவி.

அவர் படுத்தார். நர்ஸ் வந்து, ட்ரிப்ஸ் நாட்களில் தையல்காரர் துணைக்கு உட்காரும் நாற்காலியைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டார்: "பேஷண்ட்டுக்குத் துணைக்கு யாரு?"

அவர் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள்.

"நான்தான்," என்றாள்.