சாம்பல் குழி

தீப்பிடித்ததால் காட்டு ரோடு மூடி நாற்பத்தேழு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் திறக்கிறார்கள். சரிந்து கிடந்த மண்ணை வாரியாகிவிட்டது. பாலத்துக்குப் புது மரச்சட்டம் போட்டாகிவிட்டது. ரோட்டோரம் கருகி நிற்கும் மரங்களைத் தட்டிப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

தட்டுவது தம்பியின் வேலை. கோடாலியைத் திருப்பிப் பிடித்து அடிமரத்தில் ஓங்கி ஒன்று போடுவான். கெட்டியாகச் சத்தம் வந்தால் விட்டுவிடுவான். காலிப் பானையைத் தட்டினாற்போல் கேட்டால் சிவப்புச் சாயம் பூசுவான். பின்னால் வருகிறவர்கள் அறுத்துச் சாய்ப்பார்கள். நாள் முழுக்க வாயைத் திறக்காததால் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர்.

"மரம்கூட உன்கிட்ட நாலு வார்த்தை பேசிடுது. நீ எங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்குற," என்றார் மேஸ்திரி.

அவன் சிரித்து வைத்தான். சொல்ல ஒரு விஷயம் இருந்தது. 

போன வாரம், வெளியூர்க்காரர்கள் கூடாரம் அடித்துத் தங்கும் கேம்ப்பில் கழிப்பறைக்குப் பின்னால் நடந்தபோது, அவன் கால் முழங்கால்வரை மண்ணுக்குள் இறங்கிவிட்டது. உருவிக்கொண்டு குனிந்து பார்த்தான். அது ஒரு வேர் இருந்த இடம். வேரைக் காணோம். அது எரிந்துபோய் அதன் தடிமனுக்கு ஒரு பொந்து மட்டும் இருந்தது, உள்சுவர் செங்கல்லாகச் சிவந்து. மண்வெட்டியால் தோண்டிக்கொண்டே போனான். ஒரு முனை மேட்டில் நின்ற பட்டமரத்தின் அடிக்குப் போனது. அந்த மரத்திலிருந்து மேலே மலை முழுக்கக் கறுப்பு. மறுமுனை எங்கே போகிறதென்றும் பார்த்தான். பார்த்ததும் மண்ணைத் தள்ளி எல்லாவற்றையும் மூடினான்.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. யாரிடம் சொன்னாலும் அது அக்கா காதுக்குப் போய்விடும்.

கேம்ப்பைப் பார்த்துக்கொள்கிறவள் அக்கா. தீ வந்தபோது தட்டும் கரண்டியுமாகக் கூடாரம் கூடாரமாக ஓடி எல்லோரையும் எழுப்பி வண்டியேற்றியவள் அவள்தான். கடைசி வண்டியில் செருப்பில்லாமல் ஏறினாள். மேலே கண்காணிப்புக் கோபுரத்தில் இருந்த அவர்களுடைய அண்ணன் மட்டும் இறங்கவில்லை. எந்தப் பக்கம் வழி இருக்கிறதென்று கடைசிவரை வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஓடையோரம் தங்கியிருந்த இரண்டு பையன்கள் சிகரெட் பிடித்ததாக விசாரணையில் சொன்னதும் அக்காதான். பொய்யில்லை, பிடித்தார்கள். இப்போது ஊரே அவர்களைக் கரித்துக் கொட்டுகிறது. ஒருவன் வீட்டைவிட்டே வெளியே வருவதில்லையாம்.

மதியம் மேஸ்திரியின் வண்டியில் அக்கா கேம்ப்பில் வந்து இறங்கினாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"என்னடா, துரும்பா இளைச்சிட்ட? நீ கோடாலியைத் தூக்குறியா, கோடாலி உன்னைத் தூக்குதா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வேலையில் இறங்கினாள். கூடாரம் அடிக்கும் இடங்களின் நம்பர் கற்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தாள்.

"ஏழாம் நம்பர் கல் எங்கடா?"

"சூட்டுல வெடிச்சிடுச்சு."

அவள் அடுத்த கல்லுக்கு நகர்ந்தாள்.

"நாளைக்கு அண்ணி வராங்க. கோபுரத்தைப் பார்க்கணுமாம். நான்தான் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லிட்டாங்க. என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறதுன்னு தெரியலடா." துணியை உதறினாள். "அந்தப் பசங்க கை விளங்காமப் போக."



அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் பின்னால் போனாள். அவனும் பின்னாலேயே போனான்.

"என் சாம்பல் குழிய எவன்டா மூடினது?"

"நான்தான்."

"நல்லா இருக்கு! நாளைக்கு அடுப்புச் சாம்பலை உன் தலையிலயா கொட்டுறது?"

"இரும்பு டிரம் வாங்கி வெச்சுக்கலாம்க்கா. இங்க வேணாம்."

"இத்தனை வருஷமா இங்கதானே கொட்டுறேன். புதுசா என்ன வந்துச்சு?"

"கொட்டிட்டுத் தண்ணி ஊத்துவியா?"

"எந்தத் தண்ணி? கோடை முழுக்க டேங்க்ல கழிப்பறைக்கே தண்ணி இல்ல. மண்ணை அள்ளிப் போட்டு மேல ஏறி மிதிச்சிடுவேன். மண்ணுக்கடியில நெருப்பு மூச்சு விடுமா?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் மண் என்று சொன்னதில் பாதி மண்ணே இல்லை. வருஷக்கணக்காக உதிர்ந்து மக்கிய இலையும் சுள்ளியும் பட்டையும். காய்ந்தால் புகைகூடக் காட்டாமல் நாள் கணக்கில் கனலும்.

அவள் ஓங்கி வெட்டினாள். மண்வெட்டி காம்புவரை உள்ளே போனது. தடுமாறி மண்டியிட்டு விழுந்தாள். எழுந்திருக்காமல், கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.

"பொந்தா இருக்குடா. பெருச்சாளியா?"

அவன் அவளைத் தூக்கிவிடக் கை நீட்டினான்.

"உன்னை மாதிரி பெரிய பெருச்சாளியா இருக்கும்," என்றாள். சிரிப்பு பாதியில் நின்றது. வெளியே எடுத்த கையில் செக்கச் சிவந்த மண் ஒட்டியிருந்தது. அதை விரலால் நசுக்கிப் பார்த்தாள். தினமும் அடுப்பு அள்ளுகிறவளுக்குச் சுட்ட மண் எது, சுடாத மண் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது எங்கடா போகுது?"

"மேட்டுக்கு. அந்தப் பட்டமரத்துக்கு."

அவள் மேட்டைப் பார்த்தாள். அதற்கு மேலே, வளைந்து நின்ற கோபுரத்தின் கம்பிகளைப் பார்த்தாள். தூரத்தில் மேஸ்திரி ரோட்டுக் கேட்டைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலி கலகலத்தது.

சொல்லாமல் விட்டால் நாளை மாலையே இந்த இடத்தில் சாம்பல் விழும். அந்தப் பையன்கள் தலையில் பழி அப்படியே இருக்கும். சொன்னால், அண்ணியின் பக்கத்தில் அக்கா எப்படி நிற்பாள்?

"வாயைத் தொறடா. எங்கருந்து வருது?"

அவள் குரல் சிறுத்துவிட்டிருந்தது. அவன் குனிந்து அவள் கையிலிருந்த மண்வெட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"உன் குழியிலருந்துதான்க்கா," என்றான். "அந்தப் பசங்க இல்ல. தீ இங்கதான் பிடிச்சது."