பார்கவி சாக வேண்டிய திங்கட்கிழமை

1998 ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் சாயங்காலம், பெங்களூர் மர்பி டவுனில் வனஜாவின் முன்னறையில் இருந்தவர்கள் நால்வர். கட்டிலில், மடியில் பரீட்சை அட்டையுடன் வனஜா. பிளாஸ்டிக் நாற்காலியில், அவள் எழுதும் டி.வி. தொடரின் டைரக்டர் மைக்கேல்ராஜ். கதவோரம் தரையில், பக்கத்து வீட்டு எல்லம்மா. டி.வி. பெட்டியின் மேல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, 1938-இல் காலமான நாவலாசிரியர் ஆராவமுதன். அவர் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கீழே குடம் வைத்திருந்தார்கள்.

ஆராவமுதன் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதியவர். கோமளம் என்ற பெண் கொட்டும் மழையில் ஒரு கதவைத் தட்டிவிட்டு நிற்கும் இடத்தில் ‘தொடரும்’ போட்டு அனுப்பினார். அந்த வாரமே விஷக் காய்ச்சலில் போய்விட்டார். வயது முப்பத்திரண்டு. யாரோ பைண்டு செய்து வைத்த அந்தப் பக்கங்கள் சிவாஜிநகர் பழைய புத்தகக் கடை வழியாகப் பள்ளிக்கூட நாளில் வனஜாவிடம் வந்தன. பிறகு கேபிள் வந்து, தமிழ்த் தொடர்கள் பெருகி, ஒரு சின்ன கம்பெனி அவளை எழுதக் கூப்பிட்டது. முதல் வாரத்தை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல், வெளியே மழை, யாரோ கதவைத் தட்ட, கதாநாயகி பார்கவி திரும்பிப் பார்ப்பதோடு நிறுத்தினாள். மறுநாள் காலை ஆராவமுதன் டி.வி. மேல் உட்கார்ந்திருந்தார்.

“திருடிட்டேன்னு சண்டைக்கு வந்தியா தம்பி?” என்றாள் வனஜா. அவருக்கு அவள் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள்.

“சேச்சே. நானே ஒரு வெள்ளைக்காரன்கிட்டேர்ந்து எடுத்ததுதான். கதவை யார் திறந்தான்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“உன் கதை, உனக்கே தெரியாதா?”

“அடுத்த வாரம் யோசிச்சுக்கலாம்னு இருந்தேன்.”

தட்டியது கேஸ் சிலிண்டர்க்காரன் என்று அடுத்த வாரம் வந்தது. அவர் முகம் சுருங்கியதே தவிர, எழுந்து போகவில்லை. இரண்டு வருஷம் அங்கேயே இருந்து, மாமியார் ரொம்பப் பேசுகிறாள், அழுகையைப் பாதியில் வெட்டு என்று குறை சொன்னார். பாதியை வனஜா கேட்டாள். அவர் கதையில் மழை விடாததால் வேட்டி காயவே இல்லை. “குழா வரலன்னா இன்னா, ஐயரு சொட்டுறாரு இல்ல” என்று எல்லம்மா குடத்தை மாற்றுவாள். “ஐயங்கார்” என்று ஒவ்வொரு தடவையும் அவர் திருத்துவார்.

அன்றைக்கு மைக்கேல்ராஜ் கொண்டு வந்தது கெட்ட சேதி. பார்கவியாக நடிக்கும் பெண்ணுக்குத் துபாய் மாப்பிள்ளை அமைந்துவிட்டது.

“திங்கக்கிழமை ஷூட்டிங்ல லாரி அடிச்சி பார்கவி சாவணும்னு சேனல்ல சொல்லிட்டாங்க வனஜாக்கா. நீங்க எழுதலன்னா மெட்ராஸ்ல வேற ஆளு எழுதும். அப்புறம் சீரியல் அவங்களுது.”

வனஜா பேனாவைத் திறக்கவில்லை. எழுதும்போது பார்கவியிடம் பேசிய அளவு பெற்ற பிள்ளையிடம்கூட அவள் பேசியதில்லை.

“லாரிய ஏத்துனீனா உன் வூட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்” என்றாள் எல்லம்மா.

“கொன்னுடாதீங்கோ,” என்றார் ஆராவமுதன். “அப்புறம் கதவைத் திறக்க ஆள் ஏது?”

வனஜா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். ராத்திரி, மழை, கதவு தட்டும் சத்தம். பார்கவி எழுந்து போய்த் தாழ்ப்பாளை விலக்குகிறாள். வாசலில் கோமளம்.

அந்த வரி முடிந்தபோது தெருக்கதவு தட்டப்பட்டது. கிட்டே இருந்த எல்லம்மா திறந்தாள். நனைந்த கதர்ப் புடவையில் ஒரு பெண் நின்றிருந்தாள். வெளியே நல்ல வெயில்.

“எத்தனை நாழியாத் தட்டறேன்” என்றாள் அவள்.

மைக்கேல்ராஜ் எழுந்து நாற்காலியைக் கொடுத்து, திங்கட்கிழமை ஷூட்டிங்குக்கு வர முடியுமா என்று கேட்டார். முதலில் துண்டு வேண்டும் என்றாள் கோமளம். ஆராவமுதன் டி.வி.யை விட்டு இறங்கினார். எல்லம்மா அவர் வேட்டி நுனியைத் தொட்டுப் பார்த்து, “காஞ்சிட்ச்சே. இனிமே தண்ணிக்கு நா எங்க போறது?” என்றாள்.

சேனல் ஒத்துக்கொண்டதும், 2001 வரை கோமளம் அந்தத் தொடரில் நடித்ததும் பின்னால் நடந்தவை. அன்று வனஜா அந்தக் காட்சியோடு சேனலுக்கு ஒரு கடிதமும் எழுதினாள். பார்கவி சாகவில்லை, துபாய் போகிறாள். வீட்டுச் சாவி புதிதாக வந்திருக்கும் பெண்ணிடம் இருக்கிறது. சம்மதமில்லையென்றால் வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், லாரி மட்டும் கிடையாது. ஆராவமுதன் படித்துவிட்டு ஒரு சந்திப்பிழையைத் திருத்தினார். எல்லம்மா சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையை ஒட்டினாள். மைக்கேல்ராஜ் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அல்சூர் கூரியர் கடை மூடுவதற்குள் போய்ச் சேர ஸ்கூட்டரை உதைத்தார்.