பச்சைக் குழந்தை மாதிரித் தூங்குவா

...குறட்டையா, இல்லவே இல்லை டாக்டர், பச்சைக் குழந்தை மாதிரித் தூங்குவா என்று போன வருடம் இவர்தானே சொன்னார், பக்கத்தில் உட்கார்ந்து நானும் பெருமையாகத் தலையாட்டினேன், தூங்குகிறவளுக்கு என்ன தெரியும், கட்டின புருஷன் சொன்னால் சரிதானே... அதை நம்பித்தான் தொடை நரம்பு வழியாகக் குழாய் விட்டு, இதயத்தில் தறிகெட்டுத் துடித்த இடத்தைச் சுட்டார்கள், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாம், பெயர் என் வாயில் நுழைவதற்குள் நோய் நெஞ்சில் நுழைந்துவிட்டது. சில மாதம் ஒழுங்காக இருந்தது. பிறகு அதே படபடப்பு, ஆலையில் தைத்து வந்த சட்டைகளைச் சோதித்துக்கொண்டிருந்தவள் கண் இருட்டி மேஜையிலேயே சாய்ந்துவிட்டேன், டாக்டருக்குக் கைராசி இல்லையோ என்று இவரிடம்தான் புலம்பினேன். இவரும் இருக்கும் இருக்கும் என்றார். என்ன நெஞ்சழுத்தம்.

முகமூடியை மூக்கில் பொருத்திப் பட்டையை இறுக்குகிறாள் டெக்னீஷியன் பெண், "வாய மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விடுங்க மேடம்" என்கிறாள், மூடிக்கொண்டுதான் இருக்கிறேன் தாயே, திறந்தால் இந்த அறை தாங்காது. எதிரே இவர், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு... உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்களே, இரவு முழுக்க மூச்சு நின்று நின்று வருகிறதாம், ஒவ்வொரு தடவையும் இதயம் கிடந்து தவிக்கிறதாம், இதைச் சரிசெய்யாமல் அதை மட்டும் சுட்டால் திரும்பி வரத்தான் பார்க்கும் என்றார் டாக்டர், "வீட்ல யாருமே கவனிக்கலையாம்மா?" என்றும் கேட்டார். அப்போதுதான் இவர் வாய் திறந்தது. "தெரியும் டாக்டர். பொம்பள குறட்டை விடுறான்னு அவ முன்னாடியே எப்படிச் சொல்றது, சங்கடப்படுவாளேன்னு..." என் மானத்தைக் காப்பாற்றினாராம். என் அக்காவின் குறட்டையை வைத்து எங்கள் வீட்டில் சிரித்த சிரிப்பு எனக்கும் நினைவிருக்கிறது, நானும் கூனிக்குறுகித்தான் போயிருப்பேன், அதற்காக? மானத்துக்கு உயிரையே கொடுக்கலாம்தான், கொடுப்பவர் தன் உயிரையல்லவா கொடுக்க வேண்டும்.

தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்க இனி தினமும் இந்த மெஷின் காற்றுதானாம், புசுபுசுவென்று மூக்கில் ஏறுகிறது. அந்தப் பெண் இவரிடம் திரும்பி, "ராத்திரி மாஸ்க் நழுவுதான்னு பாத்துக்குங்க சார், பக்கத்துலதானே படுப்பீங்க?" என்று கேட்கிறாள். இவர் தரையைப் பார்த்தபடி, "இல்லம்மா, நான் ஹால்ல... மூச்சு நின்னா எனக்குப் பயமாயிடும். எந்திரிச்சுப் போயிடுவேன்."

முதுகுவலி, மெத்தை ஆகாது என்றல்லவா என்னிடம் சொன்னார்... அப்படியென்றால் நின்ற மூச்சு திரும்ப வந்ததா என்றுகூடப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கிறார், எத்தனை இரவு, பயமாம், எனக்குப் பயப்படக்கூடத் தெரியாதே, நான் தூங்கிக்கொண்டல்லவா இருந்தேன். கத்த வேண்டும் போல் இருக்கிறது, முகமூடிக்குள் எங்கே கத்துவது. தினமும் காலையில் கதவைத் திறந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார், நான் 'ம்' என்று சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைப்பார்... தொட்டு எழுப்பினால் நான் திடுக்கிடுவேன் என்கிற அக்கறை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.