மதிவாணனுக்கு இரண்டு பேர்

மதிவாணன் இறந்த நாற்பதாம் நாள், அடையாறில் ஒரு சின்ன அரங்கில் அவன் நினைவாக வாசிப்பதென்று எங்கள் ராக் குழு முடிவு செய்தது. தொண்ணூற்றெட்டாம் வருடம். நான் அனன்யா, பேஸ் கிடார். சுஹாஸ் லீட் கிடார், பாட்டெழுதுவதும் அவன்தான். ட்ரம்ஸுக்கு மட்டும் ஆள் இல்லை.

அதை வாசித்துவந்த மதிவாணன் கோட்டூர்புரத்தில் பைக் மெக்கானிக். முப்பத்தொரு வயதில் மஞ்சள்காமாலை கொண்டுபோய்விட்டது. ஆறு வருடம் அவன் பக்கத்தில் நின்று வாசித்திருக்கிறேன். கீழே உள்ள பெரிய ட்ரம்மின் பெடலை அவன் மிதித்தால் சத்தம் என் விலா எலும்புக்குள் கேட்கும்.

சினிமா ஸ்டூடியோக்களில் இருபது வருடம் வாசித்த அய்யாதுரை சாரைக் கேட்டோம். ஒப்புக்கொண்டார். எங்கள் பாடல்களிலேயே வேகமான ஒன்றை மதிவாணன் வாசித்திருந்த கேசட்டைக் கொடுத்தோம். மயிலாப்பூரில் சுஹாஸ் வீட்டுக் கார் ஷெட்டுக்கு ஒத்திகைக்கு வந்தவர், உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"அந்த இன்னொரு ஆள் யாரு தம்பி?"

"எந்த இன்னொரு ஆள் சார்?"

"ரெண்டு பேர் வாசிக்கிறாங்கல்ல?"

"ஒருத்தன்தான் சார். அதுவும் ஒரே ஒரு பெடல்."

அவர் நம்பவில்லை. கேசட்டை நான்கு முறை சுற்றிச் சுற்றிக் கேட்டார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டாவது நிமிடத்தில் குச்சிகள் நின்றன.

"கால் ஒண்ணு சொல்லுது, கை வேற ஒண்ணு சொல்லுது. ரெண்டும் ஒரே மனுஷன்! என்னால ஆகாது தம்பி" என்றார். அவர் குரலில் வெட்கமே இல்லை. கண்கள் மட்டும் விரிந்திருந்தன.

மறுநாள் தன் மாணவன் ஷ்ரவணை அழைத்து வந்தார். "நான் கையைப் பாத்துக்கறேன். நீ காலைப் பாத்துக்கோ."

நாற்பதாம் நாள் அரங்கில் முதல் வரிசையில் மதிவாணனின் மனைவி தேவானை, மடியில் மகள் நிலாவோடு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் சாயங்கால ஷிஃப்ட் ஆயா வேலை. புருஷன் வாசித்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

"இன்னாம்மா, ரெண்டு பேரு ஒக்காந்துகினு கீறாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"மதி வாசிச்சதை வாசிக்க ரெண்டு பேர் வேணும்க்கா."

ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, தலையாட்டிக்கொண்டாள்.

வாசித்தோம். நான்காவது நிமிடத்தில் ஷ்ரவணின் கால் தடுமாறியது. அய்யாதுரை சார் எப்படியோ இழுத்துப் பிடித்து முடித்தார். இருவர் சட்டைகளும் தொப்பலாக நனைந்துவிட்டன. கைத்தட்டல் அடங்கும்வரை காத்திராமல் அவர் மேடையிலிருந்து இறங்கித் தேவானை முன்னால் வந்து கைகூப்பினார்.

"அம்மா, இதை உங்க வீட்டுக்காரர் ஒருத்தரே வாசிச்சாரு. நாங்க ரெண்டு பேர் சேர்ந்தும் முக்கால்வாசிதாம்மா வந்துச்சு."

தேவானை அழவில்லை. "என்னாண்ட சும்மா தட்டிட்டு வரேன்னுதான் சொல்லும்" என்றாள். பிறகு, "அது வாசிச்ச கேசட்டு இங்க கீதா சார்? போடுங்க" என்றாள்.

சுஹாஸ் பெரிய ஸ்பீக்கர்களில் முழுச் சத்தத்தில் போட்டான். முதல் அடியிலேயே நிலா பயந்து காதைப் பொத்திக்கொண்டாள். தேவானை அந்தக் கைகளை மெல்ல விலக்கினாள்.

"கேளுடி. நைனாதான் அடிக்குது."

அய்யாதுரை சார் உட்காரவே இல்லை. பின்வரிசைகளில் ஒவ்வொருவராக எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள்.