எஃகுக் கையின் நிழல்

ஆஸ்திரேலியாவின் பில்பரா சுரங்கத்தில் இரும்புத் தாது அள்ளும் இயந்திரத்தின் நீண்ட எஃகுக் கையில், வெல்டிங் ஓரமாகக் கடினத்தன்மை அளக்கும் கருவியை வைத்து அழுத்தினாள் பொறியாளர் நோலீன். ஓயாமல் வளைந்து நிமிர்ந்த எஃகு, போன வருடத்தைவிட இளகியிருந்தது.

"இது ஓஞ்சு போச்சு க்ரெய்க். வேலைய நிறுத்துங்க."

"நுனியில வச்சுப் பாரு, நல்ல நம்பர் வரும்," என்றான் மேலாளர் க்ரெய்க்.

"நுனி வளையறதே இல்லையே. கால்ல புண்ண வச்சிக்கிட்டு டாக்டர்கிட்ட கையையா காட்டுவீங்க?"

"சும்மா பயமுறுத்தாத. இன்னும் நூறு வருஷம் தாங்கும்."

நோலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலுக்குப் பயந்து ஆட்கள் எல்லோரும் அந்தக் கையின் நிழலில்தான் வண்டி நிறுத்தியிருந்தார்கள்.

"அப்ப உங்க வண்டி மட்டும் ஏன் அவ்ளோ தூரத்துல வெயில்ல காயுது?"